ஒழுங்கைக்குள் வான் வராது

ரொறன்ரோவில் ஏறி, டோகாவில் மாறி, கட்டுநாயக்காவில் இறங்கும்வரை நான் எடுத்த முடிவு ஒன்றே ஒன்று. கோழியா மீனா என்று கேட்டார்கள், கோழி என்றேன். கோழி முடிந்துவிட்டது என்று மீனைத் தந்தார்கள். அந்த ஒரு முடிவோடு 14,000 கிலோமீற்றருக்கு மேல் வந்துவிட்டேன். மிச்சமிருந்த 250 கிலோமீற்றர்தான், அதாவது கட்டுநாயக்காவிலிருந்து திருகோணமலை, மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் வழக்காக இழுபட்டது.

துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரிய மாமா ரெயில் கட்சி. "வெள்ளைக்காரன் 1927இல திருமலைக்கு ரெயில்பாதை போட்டது சும்மாவோ?" என்று தொடங்கினார். கொழும்புக் கோட்டையில் இரவு மெயிலில் ஏறிப் படுத்தால் விடியச் சீனக்குடாக் கடற்காற்று தட்டி எழுப்பும் என்பது அவர் வாதம். வாதத்தைக் கெடுத்தவரும் அவரேதான். அந்தக் காலத்தில் கல்லோயாச் சந்தியில் ரெயிலை இரண்டாகக் கழற்றி, ஒரு பாதியைத் திருகோணமலைக்கும் மறுபாதியை மட்டக்களப்புக்கும் அனுப்புவார்களாம். பெண் பார்க்கப் புறப்பட்ட மாமா பெட்டி மாறிப் படுத்து மட்டக்களப்பில் கண்விழித்தாராம். மாமி மட்டக்களப்புக்காரி. மேற்கொண்டு ஒருவரும் விசாரிக்கவில்லை.

கூடப் படித்த சிநேகிதன் பஸ் கட்சி. "49ஆம் நம்பர் பஸ்ஸில ஏறு மச்சான். ஏறினா நித்திரை, எழும்பினா திருகோணமலை." அவன் சொல்லாமல் விட்டது, அந்த நித்திரைக்கும் எழும்பலுக்கும் இடையில் குருநாகல் தொடங்கிக் கந்தளாய்வரை ஓடும் பாட்டுக் கச்சேரியை. ஓட்டுநர் நித்திரை கொள்ளாமலிருக்கத்தான் பாட்டு என்பதால், சத்தத்தைக் குறைக்கச் சொல்லவும் பயம்.

என்னுடைய கட்சி ஆகாயக் கட்சி. சீனக்குடாவில் ஓடுபாதை ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டுபோட வந்தபோது, ஹரிக்கேன் விமானங்கள் எழும்பிப் போய் மல்லுக்கட்டியது அங்கிருந்துதான். கட்டுநாயக்காவும் அதே யுத்தகாலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்ட தளம்தான். கூடப்பிறந்தவை மாதிரி இரண்டு தளங்கள். ஒன்றுக்குக் கனடாவின் உதவி கிடைத்து 1967இல் சர்வதேச விமான நிலையமாகிவிட்டது. மற்றது விமானப்படையோடு ஊரிலேயே தங்கிவிட்டது. நான் கனடாவுக்குப் போகுமுன்பே கனடா கட்டுநாயக்காவுக்கு வந்திருக்கிறது. கொஞ்சம் கிழக்கே தள்ளி வந்திருக்கக் கூடாதா?

சீனக்குடாவுக்குச் சின்ன விமானத்தில் போகலாம் என்று நான் சொன்னதும் குழுவில் அமைதி. பிறகு சித்தி கேட்டார்: "அதில எத்தினை கிலோ கொண்டுபோக விடுவாங்கள், மகன்?"

கையோடு கொண்டுபோகும் பையையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப சொக்லேற்று நடந்து வாறதோ?"

ஆகாயக் கட்சி அத்தோடு கலைந்தது. என்னிடம் 23 கிலோவில் இரண்டு சூட்கேஸ். அவற்றில் என்னுடையது நாலு சேட்டும் ஒரு சவரக்கத்தியும்.

இந்த அமளிக்குள் அம்மா ஒரேயொரு குரல் பதிவு அனுப்பியிருந்தா. "எதில வந்தாலும் சரி, ஒழுங்கைக்குள்ள வான் வராது. ஓட்டோவுக்குச் சொல்லி வைக்கட்டோ?" யாரும் அதைக் காதில் போடவில்லை. நானுந்தான்.

தனியாக வந்துவிடலாமே என்று நினைப்பீர்கள். போனமுறை அதையும் பார்த்தேன். வருகை மண்டபத்தில் டக்சிக்காரர் ஒருவர் "சேர், எங்க போறது?" என்றார். திருகோணமலை என்றதும், சுகமில்லாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சீகிரியாவில் ஒரு இரவு தங்கி மலையேறி, இரண்டாம்நாள் ஆறுதலாகப் போகலாமே என்றார். சொந்த ஊருக்குப் போகிறவனுக்கு நடுவழியில் எதற்கு மலை? சரி, கைபேசிச் செயலி இருக்கிறதே என்று அதை அழுத்தினேன். ஒரு சாரதி ஏற்றுக்கொண்டார், போன் எடுத்தார், இடத்தைக் கேட்டார், மறைந்தார். இரண்டாமவரும் அப்படியே. மூன்றாமவர் மட்டும் நல்ல மனிதர். நாளைக்கே அவரோடு திரும்பி வருவதானால் ஏற்றுவதாகச் சொன்னார்.

ஆகவே இம்முறை வழக்கில் வென்றது அத்தானின் ஹையேஸ் வான். ஒரு ஆளைக் கூட்டிவர ஒன்பது பேர் புறப்பட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது ஆளை ஏற்றுகிற காரியமல்ல, யாத்திரை. காலையிலேயே வெளிக்கிட்டு, முன்னேஸ்வரத்தில் சித்தியின் நேர்த்தியை முடித்து, நீர்கொழும்புக் கடலில் பிள்ளைகளைக் குளிக்கவார்த்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை முடித்துவிட்டுத்தான் என்னை எடுக்க வந்தார்கள். கடலுக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு நீர்கொழும்பில் என்ன கடல் என்று கேட்டேன். "அது வேற கடல்" என்றார் அத்தான்.

இரவு ஒன்பதரைக்கு வெளியே வந்தேன். மாலை போட்டார்கள், கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள், சூட்கேஸ்களைத் தூக்கிப் பாரம் பார்த்தார்கள். எல்லாரும் ஏறிய பிறகுதான் தெரிந்தது, வந்தவனுக்கு இடமில்லை. கடைசி இருக்கையில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு சூட்கேசுக்கும் நடுவே, முழங்கால் தாடையில் இடிக்க, செருகப்பட்டேன். விமானத்தில் கால்நீட்ட இடமில்லை என்று முறைப்பாடு சொன்னவன் நான்தான்.

தம்புள்ளையில் தேத்தண்ணி. ஹபரணை தாண்டிக் கந்தளாய்க்குப் போகும் காட்டுவழியில் வான் சட்டென்று நின்றது. தெருவின் குறுக்கே ஒற்றை ஆனை. அத்தான் ஹோர்ன் அடிக்கவில்லை. வழக்கமாக ஒரே நேரத்தில் ஒன்பது பேரும் கதைக்கும் எங்கள் குடும்பம் முழுசாக இருபது நிமிடம் வாய்மூடி இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனையாருக்கு எங்கே போவதென்று குழப்பம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கொப்பு ஒன்றை முறித்து, தின்று, காதை இரண்டுதரம் ஆட்டிவிட்டுக் காட்டுக்குள் இறங்கினார்.

கப்பல்துறையடியில் பக்கத்திலிருந்த மருமகள் விழித்து, வலப்பக்கத்து இருட்டைக் காட்டினாள். "மாமா, அங்கால சீனக்குடாவில பிளேன் இறங்கும். நீங்க ஏன் கட்டுநாயக்காவில போய் இறங்கினீங்க?"

ஜப்பான்காரனில் தொடங்கி விளக்கினேன். கனடாவுக்கு வருமுன் அவள் நித்திரை.

நாலேகாலுக்குத் திருகோணமலை. பஸ் நிலையத்தடியில் நாலைந்து புள்ளிமான்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவை மாதிரி நின்றன. உட்துறைமுக வீதியில் திரும்பி, எங்கள் ஒழுங்கை வாயில் வந்ததும் வான் நின்றது. உள்ளே போக வழியில்லை. வீடு முந்நூறு மீற்றர்.

இருட்டுக்குள் ஒரு ஓட்டோ காத்திருந்தது. அம்மா சொல்லிவைத்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. மாமா ரெயில் நிலையத்துக்கென்று பேசி, பிறகு வரவேண்டாமென்று சொல்ல மறந்தது. ஒன்றில் ஏறினால் மற்றவர் கோபிப்பார். இரண்டு பேரும் சொந்தம்.

அத்தான் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "எதில போறாய் எண்டு நீயே முடிவெடு, மச்சான்."

சூட்கேஸ்களை ஒன்றிலும் சித்தியை மற்றதிலும் ஏற்றிவிட்டு, மாலையோடு பின்னால் நடந்தேன்.