அடகுச் சீட்டு

13 வயதுப் பிள்ளையின் கையில் ஐந்து பவுன் சங்கிலியைக் கொடுத்து, "நீயே வைத்துக்கொள்" என்று எந்த வீட்டிலாவது சொல்வார்களா? தொலைத்துவிடும். தன்மதிப்பு அதைவிட விலை கூடிய பொருள். அதைப் பிள்ளையிடமே விட்டுவைக்காமல், கண்ணில் பட்டதும் கழற்றி வெளியே கொண்டுபோய் அடகு வைத்துவிடுகிற நம் பெரியவர்களின் முன்யோசனையை இதுவரை யாரும் முறையாகப் பாராட்டியதில்லை. நன்றி கெட்ட சமூகம்.

முதல் மாலை எங்கள் பெரியப்பாவுக்கு.

போன ஆவணியில் திருச்சியில் ஒரு கல்யாணம். விடியற்காலை நாலரை மணிக்கு மண்டப வாசலில் என் அக்கா மகள், எட்டாவது படிக்கிறவள், தனியாக உட்கார்ந்து சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். 13 புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்றில் முடிவது. இழை எங்கும் அறுபடாமல் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஓரிடத்தில் தவறிப்போய்ப் பாதிக் கோலத்தைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டு மறுபடி போட்டாள். முடித்ததும் எழுந்து, மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். பக்கத்தில் யாருமில்லை. தூணோரம் நான் நின்றது அவளுக்குத் தெரியாது. அந்த முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. யாரிடமும் வாங்காத நிறைவு. எவ்வளவு ஆபத்தான நிலைமை என்று பாருங்கள்! இன்னும் அரைமணி நேரம் அப்படியே விட்டிருந்தால் அது உள்ளேயே தங்கிப்போயிருக்கும்.

நல்லவேளை, காபி டம்ளரோடு பெரியப்பா வந்தார்.

"யாரும்மா போட்டது?"

"நான்தான் தாத்தா."

"அடடே! கணக்குல எத்தனை?"

"அறுபத்தெட்டு."

"இத்தனை புள்ளியை எண்ணத் தெரிஞ்சவளுக்கு மிச்சம் முப்பத்திரண்டை எங்க விட்டோம்னு தெரியலையா?"

அதற்குள் கூடிவிட்ட நாலு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மாப்பிள்ளையின் தங்கை எட்டாவதிலேயே ஐஐடி கோச்சிங் போகிற செய்தியைப் பெரியப்பா கூடுதலாக வழங்கிவிட்டு, மிச்சக் காபியை ஆற்றிக் குடித்தார். ஒரு டம்ளர் காபி முடிவதற்குள் நகையைக் கழற்றி, எடை போட்டு, அடகு வைத்து, சீட்டையும் கையில் கொடுத்துவிட்டார். தட்டானுக்குக்கூட உரைத்துப் பார்க்கக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரியப்பா கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணின் வேன் கட்டணத்தை ஒரு வருஷம் அவர்தான் கட்டினார். அவள் மேல் உயிரையே வைத்திருக்கிறார். அந்த அன்புதான் அவருடைய வேலைக்கு உறுதி கொடுக்கிறது. வெறுப்பவன் சொன்னால் பிள்ளை காதில் போட்டுக்கொள்ளாது.

பள்ளிக்கூடங்களையும் விட்டுவிடக் கூடாது. அடகு வைத்தால் வட்டி கட்ட வேண்டுமல்லவா? காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று தவணைகளை ஒழுங்காகப் பிரித்து வைத்திருப்பவர்கள் அவர்கள்தாம். ஒரு தவணை தவறினால் பெற்றோரை வரவழைத்து நோட்டீஸ். நன்றாகக் கட்டுகிற பிள்ளைக்கு 'ஏ' பிரிவு, வாசலில் ஃபிளெக்ஸ். மற்றவர்கள் தினமும் அந்த ஃபிளெக்ஸைத் தாண்டி உள்ளே போய்ப் பாடம் படிக்கலாம். 2017-இல் அரசாங்கம் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதை நிறுத்திக் கையை விரித்துவிட்டது. அதற்காக நம் பெரியவர்கள் சோர்ந்துபோனார்களா? குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் அந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டன. மாநில அளவில் நடந்துவந்த பணி இப்போது சித்தி, பெரியம்மா, ஒன்றுவிட்ட அத்தை அளவில் இன்னும் நுணுக்கமாக நடக்கிறது. 2022-இல் என்.சி.இ.ஆர்.டி. நாடு முழுக்க ஏறத்தாழ 3.79 லட்சம் மாணவர்களிடம் கேட்டபோது, பதற்றத்துக்குக் காரணம் படிப்பும் தேர்வும் முடிவுகளும்தான் என்றவர்கள் 81 சதவீதம். நூற்றுக்கு மிச்சம் 19 பேரைக் கோட்டை விட்டிருக்கிறோம். பெரியப்பாவிடம் சொன்னால் அவர்களையும் எங்கே விட்டோம் என்று கேட்பார்.

நிறத்தைப் பார்த்துக்கொள்ளும் அத்தைமாருக்குத் தனியாக ஒரு பொன்னாடை. அந்தப் பிரபலமான கிரீம்கூட 2020-இல் வெட்கப்பட்டு 'ஃபேர்' என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு 'குளோ அண்ட் லவ்லி' ஆகிவிட்டது. அத்தைகள் அப்படியெல்லாம் கொள்கையை மாற்றிக்கொள்கிறவர்கள் இல்லை.

இத்தனையும் பழைய முறை என்று முகம் சுளிக்கிற இளம் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் திட்டுவதே இல்லை, பாராட்டியே காரியத்தை முடிக்கிறார்கள். "என் செல்லம் ஜீனியஸ்" என்று காலையில் ஒருமுறை, ஸ்டேட்டஸில் ஒருமுறை. இதுதான் உயர்ந்த தொழில்நுட்பம். 1998-இல் கிளாடியா மியூலரும் கேரல் டுவெக்கும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்துவிட்டு, சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலிகளில் பெரும்பாலோர் தங்கள் பெயருக்குப் பங்கம் வராததையே எடுத்துக்கொண்டார்கள். கடினமான புதிர்களில் ஒருமுறை தோற்றபின் எளிய புதிர்களிலும் சறுக்கினார்கள். முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்குத் தாங்கள் வாங்கிய மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். உழைத்த பிள்ளைகளோ கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிற புதிராகக் கேட்டு வாங்கினார்கள். ஒரே ஒரு இனிப்பான சொல்லால் நகையைக் கழற்றிவிடலாம் என்று கண்டுபிடிக்க அங்கே ஓர் ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்கிறது. இங்கே அதைப் பிறந்தநாள் கேக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

தோற்றவளிடம் "எந்த இடத்தில் இழை தவறியது?" என்று கேட்டு, அவள் சொல்வதை உட்கார்ந்து கேட்பது, அவளாகத் துடைத்துவிட்டு மறுபடி போடும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது — இதெல்லாம் நேரம் பிடிக்கிற வேலை. ஃபிளெக்ஸில் போட ஒரு படம்கூடக் கிடைக்காது. வேலை மெனக்கெட்டு யார் செய்வார்கள்?

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பெரிய கோலம், கல்யாணத்தில் போட்டதைவிடப் பெரியது, வண்ணப்பொடி தூவியது. கடைசிச் சுழியை இழுத்து முடித்துவிட்டு அவள் எழுந்தாள். பின்னால் நகர்ந்து நின்று பார்ப்பாள் என்று நானும் ஒதுங்கி நின்றேன். அவள் கோலத்தின் பக்கம் திரும்பவே இல்லை. நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, நல்லா இருக்கா?"