ஞமலி வெருகுப் பொருத்தவியல்

பூந்தமல்லியைப் பேருந்து நடத்துனர்கள் 'பூனமல்லி' என்றே கூவுகிறார்கள். அதனால் அந்தப் பெயருக்குள் ஒரு பூனை இருப்பதாகப் பிள்ளைகள் நம்புகிறார்கள். இல்லை, பூவிருந்தவல்லிதான் தேய்ந்து அப்படி ஆனது. ஆவடியில் ஓர் 'ஆ' உண்டு, அதாவது பசு. அம்பத்தூரை ஐம்பத்தொன்றாம் ஊர் என்பார்கள். அதில் எண் மட்டுமே இருக்கிறது. ஆக மூன்று ஊர்களிலும் நாய்க்குப் பெயரளவில் இடமில்லை. தெருவளவில் உண்டு.

இச்சிறுநூல் என்னுதலிற்றோ எனின், பூனை ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில், பூனையின் உயிருக்கும் நாயின் கண்ணுக்கும் சேதம் வராமல் வாழத்தக்க சிறு ஜாதி நாய் எது என்பதை ஆராய்தல் நுதலிற்று. 'ஏற்கெனவே' என்ற சொல் காரணத்தோடுதான் நிற்கிறது. இந்த மூன்று ஊர்ப் பகுதியில் பூனையை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. ஐப்பசி மழையில் சன்ஷேடு வழியாக வந்து, லாஃப்டில் பழைய ஃபேன் அட்டைப்பெட்டிக்குள் குட்டி போட்டு, வீட்டுக்காரர் பார்க்கும்போது அது வீட்டுக்காரரைப் பார்க்கும். நாயை மட்டும்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

முன்னோர் கருத்தைப் பார்ப்போம். மாணிக்கவாசகர் திருவாசகம் நெடுகத் தம்மை நாயேன் என்று சொல்லிக்கொண்டார். கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று தம்மைச் சொன்னார். இரண்டும் பணிவுதான். ஆனால் ஒன்று காலடியில் கிடக்கும் பணிவு, மற்றது கடலையே காலி செய்யப் பார்க்கும் பணிவு. இந்த இரண்டு சுபாவங்களையும் 600 சதுர அடியில் குடிவைப்பதுதான் நம் முன் உள்ள சிக்கல்.

தொல்காப்பியர் மரபியலில் இவற்றை ஆரம்பத்திலேயே பிரித்து வைத்துவிட்டார். நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைக்கும் குருளை என்று பெயர். கீரி, வெருகு என்னும் பூனை, எலி, அணில் நான்கிற்கும் குட்டி. பூனையையும் எலியையும் ஒரே சூத்திரத்தில் பூட்டியவர், நாயையும் பூனையையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்கவும். பெண் நாய்க்குப் 'பாட்டி' என்ற பெயரும் அங்கே உண்டு. பன்றிக்கும் அதே பெயர்தான். இதை வீட்டில் பாட்டி இல்லாத நேரத்தில் படிக்கவும்.

இனி ஜாதி ஆராய்ச்சி. மண்ணின் மைந்தர்களிடமிருந்து தொடங்குவதே மரபு என்பதால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. நான்கும் சிறியவை அல்ல, நான்கும் வேட்டை வழி வந்தவை. ராஜபாளையம் 2005இல் அஞ்சல் தலையிலேயே ஏறிவிட்டது. அங்கே பூனை இல்லை, ஆகவே பிரச்சினையும் இல்லை. சிப்பிப்பாறை முயலைத் துரத்தப் பழகியது. எதிரே ஓடுவது முயலா பூனையா என்று பாதி ஓட்டத்தில் நின்று அது விசாரிக்காது. தள்ளுபடி.

சிறிய நாய் என்றால் சாது என்று கருதுவார் உளர். அற்றன்று. டாஷண்ட் என்ற குட்டைக்கால் நாயைப் பாருங்கள். ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்பது வளை தோண்டி வாழும் பாட்ஜர் என்ற விலங்கு. அந்த வளைக்குள் புகுந்து அதை மடக்கவே கால் குட்டையாகவும் உடல் நீளமாகவும் இந்த நாயை உருவாக்கினார்கள். அம்பத்தூர் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் வளை என்று சொல்லத்தக்கது கட்டிலுக்கடி ஒன்றே. அதற்குள் இருப்பது பூனை.

டெரியர்களின் பெயரிலேயே லத்தீன் 'மண்' இருக்கிறது. மண்ணுக்குள் ஓடி ஒளியும் சிற்றுயிரைப் பிடிப்பதே அவற்றின் குலத்தொழில். ஜாக் ரஸ்ஸல் டெரியருக்குப் பெயர் தந்த பாதிரியார் ஜான் ரஸ்ஸல், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்தில், 1819இல் ஒரு பால்காரரிடம் பெண் நாய் ஒன்றை வாங்கினார். அதன் பெயர் டிரம்ப். இதற்குமேல் அதைப்பற்றி இந்நூல் எதுவும் கூறாது. யார்க்‌ஷயர் டெரியர் இங்கிலாந்து ஆலைகளில் எலி பிடித்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அந்த வேலைக்குப் பூனைகள் நிரந்தரப் பணியில் இருக்கின்றன. ஆள் எடுக்கும் உத்தேசம் இல்லை.

சிவாவா விஷயத்தில் கேள்வியே தலைகீழாகிறது. மூன்று கிலோவைத் தொடாத நாய் அது. ஆவடி மீன்கடைப் பின்புறம் வளர்ந்த கடுவன் நான்கு கிலோ தேறும். இங்கே பாதுகாப்பு யாருக்கு வேண்டும் என்பதை எடைத் தராசு சொல்லும்.

பக் நாய் 2003இல் ஹட்ச் செல்பேசி விளம்பரத்தில் ஒரு பையன் போகுமிடமெல்லாம் பின்னால் போய்ப் புகழ் பெற்றது. பூனையிடம் அதற்குப் பகையில்லை, எவரிடமும் இல்லை. ஆனால் முகம் தட்டை, கண் பிதுக்கம். பூனை ஒருமுறை 'போடா' என்று கையை வீசினால் நகம் நேரே கருவிழியில் படும். போதாக்குறைக்கு, கடற்காற்று மயிலாப்பூரில் நலம் விசாரித்துவிட்டு ஆவடிக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். சித்திரை மதியத்தில் மூக்கே இல்லாத நாய் மூச்சு விடுவதைப் பார்த்தால் நமக்கே இளைக்கும். ஷீட்சூ என்றால் சீன மொழியில் சிங்க நாய். அரண்மனை மடியில் வளர்ந்தது, வேட்டை அறியாதது, பூனைக்கு நல்ல துணை. கண் விஷயத்தில் பக்கிற்குச் சொன்னதே இதற்கும். முடியைக் கத்தரித்துவிட்டால் வெயிலும் ஓரளவு தாங்கும், சிங்கமும் போய்விடும்.

எஞ்சுவது ஸ்பிட்ஸ். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் தெருக்களில் 'பொமரேனியன்' என்று வளர்ந்த வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ்தான். 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தில் கதையையே முடித்துவைக்கும் டஃபி இந்த வகை. நான் போன கடையில், "கல்ச்சர் பாம் சார், இதுக்கு மேல வளராது" என்றார்கள். வளர்ந்தது. ஐந்து கிலோவில் நின்றது. டைகர் என்று பெயர் வைத்தோம். புலியும் நாயும் ஒரே சூத்திரத்தில் இருப்பதால் இலக்கணப் பிழை இல்லை. ஸ்பிட்ஸின் ஒரே குற்றம் குரைப்பு. கூரியர், குக்கர் விசில், பக்கத்து வீட்டுத் தும்மல் எல்லாவற்றுக்கும் குரைக்கும். குரைப்பால் பூனை காயப்பட்டதாகச் சான்றில்லை.

நாய்க்கும் தேங்காய்க்கும் சிலேடை பாடினார் காளமேகப் புலவர். நாய்க்கும் பூனைக்கும் சிலேடை பாடும் வேலையை வால் எடுத்துக்கொண்டது. நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் மகிழ்ச்சி. பூனை வாலைப் பட்டுப் பட்டென்று அடித்தால் எரிச்சல். எங்கள் வீட்டுப் பூனை சரோஜா ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரின் சூட்டில் உட்கார்ந்து வாலை அடித்தபோது, டைகர் அதை வரவேற்பு என்று பொருள்கொண்டு முன்னங்காலைத் தூக்கியது. உரையாசிரியர் இல்லாத பாடம் என்ன ஆகும் என்பது மறு நொடியில் தெரிந்தது. மூக்கில் ஒரு கோடு, மூன்று நாள் மஞ்சள்.

பிறகுதான் அறிமுகத்தை முறைப்படி செய்தோம். பெண் பார்க்கும் படலம் போலத்தான். முதலில் ஜாதகப் பரிமாற்றம்: நாய் படுத்த துண்டைப் பூனையிடமும், பூனை படுத்ததை நாயிடமும் கொடுத்தல். அடுத்து, மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு. பிறகு கதவிடுக்கில் ஒரு பார்வை. நாய்க்குச் சங்கிலி, பூனைக்கு எப்போதும் ஏறி ஓட ஓர் உயரம். எங்களுக்கு இருபத்தாறு நாள் ஆயிற்று. நாய்க்குட்டி மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரத்துக்குள் யாரோடு பழகுகிறதோ அவர்களைத்தான் உலகம் என்று எடுத்துக்கொள்ளும். பூனைக்குட்டிக்கு அந்தக் காலம் இரண்டிலிருந்து ஏழு வாரம் மட்டுமே. ஆகவே எட்டு வார ஸ்பிட்ஸ் குட்டியும், ஓரளவு உலகம் பார்த்த பூனையும் என்பதே என் தீர்ப்பு. நட்பை எதிர்பார்க்க வேண்டாம். சம்பந்திகள் போல் ஒரே கூடத்தில் வேறு வேறு திசை பார்த்து உட்கார்ந்தால் திருமணம் வெற்றி.

பூனையின் மணல் டப்பாவை உயரத்தில் வைக்கவும். காரணம் கேட்க வேண்டாம். நாய்க்கு அது பிரசாதம்.

நிர்வாகம் பற்றி ஒரு சொல். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டதால், அங்கே நாய் வளர்ப்பவர் கட்டணம் கட்டி உரிமம் பெற வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் கேட்பார்கள். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. எல்லையோரத்தில் மாலை நடை போகும் டைகர் ஒவ்வொரு நாளும் இரு மாநகராட்சிகளின் கம்பங்களையும் பாரபட்சமின்றி நனைத்து வருகிறது.

கடைசியாக, விளையாட்டில்லாத செய்தி ஒன்று. நாயின் கழுத்தில் விடும் உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய் அதைத் தாங்கும். பூனையின் ஈரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு, சில நேரம் சாவு. நாயோடு ஒட்டிப் படுத்தாலே போதும், நக்கினால் இன்னும் மோசம். மருந்து வாங்கும்போது, கடைக்காரர் கேட்காவிட்டாலும், "வீட்டில் பூனை இருக்கிறது" என்று சொல்லி வாங்குங்கள்.