லேசான பியரை லேசில் விடாதே

வாடா பேராண்டி. கப்பல்லே வேலை பார்த்துட்டு வந்திருக்கே, கையிலே ஒரு கேனும் இருக்கு. அதுமேலே எழுதியிருக்கிறதைத் திருப்பித் திருப்பி வாசிக்கறே, குடிக்கத்தான் காணோம். "கைப்பக்குவத்திலே காய்ச்சின லேசான லாகர் தாத்தா, அதுவும் மலிவு"ங்கறே. கைப்பக்குவம்னு சீட்டு ஒட்டினவன்தான் கைகாரன்னா, நம்ம கேகாலைப் பக்கத்துலே கித்துள் மரம் ஏறுறவனுக்கு என்ன பேரு? பூவுக்கு மருந்து வச்சுக் கட்டி, காலையிலே ஒருதரம் சாயங்காலம் ஒருதரம் ஏறிச் சீவுறான். பாணி காய்ச்சணும்னா முட்டியிலே ஹல் மரத்துப் பட்டையைப் போட்டுப் புளிக்காமத் தடுப்பான். கள்ளு வேணும்னா அதைப் போடமாட்டான். அந்த முட்டியிலே எவனும் இன்னிக்கு வரைக்கும் ஒரு எழுத்து எழுதலே.

சரி, கிழவன்கிட்ட ருசி பார்க்கச் சொல்லிக் கேட்டுட்டே. கேட்டதுக்கு மேலேயே சொல்றேன், காது கொடு.

மலிவான பியரிலே ருசியைத் தேடாதே. காசை எங்கே மிச்சம் பிடிச்சான்னு தேடு. கொழுந்து நிறுக்கிற இடத்திலே சாக்குக்கு எவ்வளவு கழிஞ்சது, ஈரத்துக்கு எவ்வளவு கழிஞ்சதுன்னு கணக்குப் பார்த்தே வளர்ந்த சனம் நாம. ஒரு கேனிலே கழிச்சதைக் கண்டுபிடிக்க முடியாதா?

இதுலே நமக்கு ஒரு வசதி இருக்கு. லேசான லாகர் ஒண்ணையும் ஒளிக்காது. ஸ்டௌட்டுன்னா வறுத்த பார்லியோட கருப்பும் கசப்பும் எத்தனையோ தப்பைப் போர்த்தி வச்சிடும். நம்ம லயன் ஸ்டௌட்டிலே ஆல்ககால் 8.8 சதவீதம், லயன் லாகர்லே 4.8. ஸ்டௌட்டை உலகத்துக்கெல்லாம் புகழ்ந்து சொன்னவர் மைக்கல் ஜாக்சன். உடனே இடுப்பை ஆட்டாதேடா, இவர் ஆட்டக்காரர் இல்லே, பியரைப் பத்தி எழுதின இங்கிலாந்துக்காரர். அவரு லேசான லாகருக்கு ஏன் அவ்வளவு பாட்டுப் பாடலேன்னு கேக்காதே. வெளுத்த தண்ணிக்குப் பாட்டு வராது, பரீட்சைதான் வரும்.

அந்தப் பரீட்சைக்கும் அளவுகோல் சரியா இருக்கணும். நுவரெலியாத் தேயிலை வெளுப்பு, வாசம் மெல்லிசு. நம்ம இரத்தினபுரி, கேகாலைத் தாழ்நாட்டுத் தேயிலை கருப்பு, கனம். டீ ருசி பார்க்கிறவன் மேட்டுத் தேயிலையிலே பள்ளத்துச் சாயத்தைத் தேடுவானா? லேசான லாகரைக் குடிச்சிட்டு "கனமே இல்லையே"ன்னு முகம் சுளிக்கிறவனும் அந்த மாதிரி ஆள்தான். அரிசி சேர்த்திருக்கான்னும் குதிக்காதே. பியரோட உடம்பு லேசாகணும்னுதான் சேர்க்கிறான். சேர்த்ததை ஒழுங்காச் சேர்த்தானான்னு மட்டும் பாரு.

இப்போ வேலைக்கு வா. ரப்பர் பாலை உறைய வைக்கிற அசிட் வாசம் கையிலே இருந்தா முதல்லே சோப்புப் போட்டுக் கழுவு. வாயிலே வெத்திலை இருந்தா துப்பிட்டுக் கொப்பளி. ரொட்டியும் சம்பலும் தின்ன எண்ணெய் உதட்டோட கிளாசைத் தொடாதே, நுரை செத்துப்போகும். அப்புறம் கப்பல்காரன் பவிசுலே பியரை ஐஸ் பெட்டியிலே விறைக்க விட்டுடாதே. விறைச்ச நாக்குக்குத் தேனும் தெரியாது, விஷமும் தெரியாது. மலிவு பியர் விக்கிறவன் "நல்லாக் கூலா குடிங்க"ன்னு சொல்றதுலே ஒரு சூட்சுமம் இருக்கு, யோசி. பெட்டியிலேருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வை. கிளாசைச் சாய்ச்சு ஊத்து, கடைசியிலே நிமித்து. நுரை நிக்குதான்னு பாரு. அப்புறம் மூக்கை உள்ளே விடு.

மூக்குலே பட்டர் வாசம் அடிச்சா, அவன் அவசரப்பட்டிருக்கான். லாகர் ஈஸ்ட் 8லேருந்து 12 பாகை குளிரிலே மெதுவா வேலை செய்யும். புளிக்கையிலே வர்ற அந்தப் பட்டர் வாசத்தை ஈஸ்டே திரும்பத் தின்னுடும், தின்ன நாள் கொடுக்கணும். அதுக்கப்புறமும் வாரக்கணக்கிலே குளிர்லே கிடக்கணும். தொட்டி சும்மா கிடந்தா காசு சும்மா கிடக்குதுன்னு நினைக்கிறவன், நாளைத் திருடிடுவான். பச்சை ஆப்பிள் வாசம் வந்தாலும் அதே திருட்டுதான், பிஞ்சிலே பறிச்சிட்டான். அவிச்ச சோள வாசம் வந்தா கொதிக்க வைக்கிறதுலே விறகு மிச்சம் பிடிச்சிருக்கான். நனைஞ்ச அட்டை வாசம் வந்தா சரக்கு பழசு, இல்லேன்னா அடைக்கையிலே காத்து உள்ளே போயிருக்கு. ரப்பர் கருகினாப்போல ஒரு கந்தக நாத்தம் வந்தா போத்தல் வெயில்லே நின்னிருக்கு. பச்சைப் போத்தலை அழகுக்குக் கண்ணாடி அலுமாரியிலே அடுக்கி வைக்கிற கடையிலே அது சகஜம். கேனுக்குள்ளே வெளிச்சம் போகாது, அதனாலே உன் கேனுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

டீ ருசி பார்க்கிறவன் உறிஞ்சிட்டுத் துப்பிடுவான். நீ முழுங்கு. கசப்போட கடைசி வால் தொண்டையிலேதான் தெரியும். அந்த வால் சுத்தமா முடிஞ்சு, அடுத்த மடக்கைக் கேட்டா நல்ல லாகர். முழுங்கினப்புறம் வாயிலே இனிப்பு பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு நின்னா கள்ளே தேவலை. கள்ளு இனிப்பை மறைக்கவும் இல்லே, லேசுன்னு பொய் சொல்லவும் இல்லே.

குளிரைப் பத்திச் சொன்னேனில்லே, அதுலேயும் ஒரு கதை இருக்கு. 1849லே சாமுவேல் பேக்கர்ங்கற வெள்ளைக்காரன் நுவரெலியாவிலே பியர் காய்ச்சினான். அப்போ மலையிலே கோப்பிக் காலம். அந்த மலைக்குக் குளிர் சும்மா கிடைச்சது. இப்போ லயன் ஆலை கீழே பியகமையிலே, நம்ம கித்துல்கலையைச் சுத்தி ஓடுற களனி கங்கை போற வழியிலே இருக்கு. அங்கே புழுக்கம், குளிரை மெஷின்தான் செய்யணும், அதுக்கு கரண்டு காசு. குளிருக்கே காசு கொடுக்கிற ஊர்லே மலிவு லாகர்னு ஒருத்தன் கொடுத்தா, சந்தேகப்படு. சந்தேகப்பட்டும் குறை ஒண்ணும் கிடைக்கலேன்னா எழுந்து நின்னு கும்பிடு. அவன் லாபத்திலே கழிச்சிருக்கான், பியர்லே கழிக்கலே.

மலிவுங்கற சொல்லைக் காலையிலே பேர் கூப்பிடுற பிரட்டுக் களத்திலே நின்னு சொல்லிடாதே. நாள் சம்பளத்தை 1,000 ரூபாயாக்க 2021 வரைக்கும் ஊர்வலம் போன சனம் அங்கே நிக்குது. உனக்கு மலிவு, அவங்களுக்கு அரைப் பேரு, அதாவது அரை நாள் சம்பளம். லேசுன்னு எழுதியிருக்குன்னு கேனை அடுக்கிக்கிட்டே போகவும் கூடாது. லேசான கேன் நாலு சேர்ந்தா தலை கனம்தான், மறுநாள் வேலைக்கு எழுந்திரிக்க மாட்டே, உன் பேரு விழாது. 21 வயசு ஆகாத உன் தம்பி கிளாசை மோந்துகூடப் பார்க்கக்கூடாது. போயாவுக்குக் கடை பூட்டு, அன்னிக்கு இஞ்சித் தண்ணியை ருசி பாரு.

என் தீர்ப்பைக் கேட்டியா? நீ கொண்டுவந்த கேன்லே பட்டர் இல்லே, சோளம் இல்லே, வால் சுத்தம். நல்ல பியர்தான். அதிலே கவிதை தேடாதே. ஒரு கேனை ரெண்டு கிளாசா ஊத்து, பெரிசு யாருக்குன்னு உனக்கே தெரியும்.