சோபாவுக்கு ஒரு விலாசம்

லண்டன்,
கேம்டன் பக்கத்துக் கால்வாய்க் கரை

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தையின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே என் படகில் ஒரு சாவு. பதறாதீர்கள், சோபா. தீபாவளிக்கு நடு ஸ்பிரிங் போனது, பொங்கலுக்கு முதுகும் சாய்ந்தது. உயிர் சுலபமாகப் போய்விட்டது. எடுத்துப்போடத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆனது.

படகு என்றதும் ஊட்டி போட் ஹவுஸ் பெடல் போட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். அப்பா டான்டீ தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது நாங்கள் குடியிருந்த லைன் வீட்டை இழுத்து நீட்டி, இரும்பில் வார்த்து, தண்ணீரில் தள்ளிவிட்டால் அதுதான் என் வீடு. நீளம் ஐம்பதடி. வெளி அகலம் ஆறடி பத்தங்குலம், ஏனென்றால் இந்த நாட்டுக் குறுகலான கால்வாய்களில் படகை ஏற்றி இறக்கும் லாக் ஏழடிதான். கதவு இரண்டடி. படகை விற்றவர் அந்தச் சோபாவைச் சீதனமாக விட்டுப்போனார். அது எப்படி உள்ளே வந்தது என்பது பாட்டிலுக்குள் ஊறுகாய் மாங்காய் முழுசாகப் போன கதைதான்.

ஏன் தண்ணீரில் குடியிருக்கிறேன் என்று அத்தை கேட்பாள். லண்டன் வாடகையைச் சொன்னால் அவளும் குதித்துவிடுவாள். இதில் ஒரு சங்கடம். எனக்கு நிரந்தரத் துறை கிடையாது. அந்த வகை உரிமத்தில் இருப்பவன் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் படகைக் கட்டக்கூடாது, 1995-இல் போட்ட சட்டம். அதற்குள் கயிற்றை அவிழ்த்து வீட்டோடு கிளம்ப வேண்டும். ஆக எனக்கு வீடு உண்டு, விலாசம் கிடையாது. இது பெரிய விஷயமில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பழைய சோபாவை எறியப் போனபோதுதான் தெரிந்தது, இந்த ஊரில் குப்பைக்கும் விலாசம் வேண்டும்.

ஒரு நகராட்சிக்குப் போன் போட்டேன். எந்த நகராட்சி என்று சொல்லவில்லை, அந்தப் பெண் பாவம்.

“வீட்டு எண்?”

“எண் இல்லைங்க, படகு.”

“தெரு?”

“கால்வாய்.”

“அஞ்சல் குறியீடு?”

“இந்த வாரத்துக்கா, அடுத்த வாரத்துக்கா?”

லைன் கட்டாகிவிட்டது. நேரில் கொண்டுபோய்க் கொட்டலாம் என்று குப்பைக் கிடங்குக்குப் போனால், வாசலிலேயே வரி ரசீது கேட்டார்கள். கால்வாய்க் கரையில் படகுக்காரர்களுக்கென்று கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் தொட்டி வைத்திருக்கிறது. அது தினசரிக் குப்பைக்குத்தான், தட்டுமுட்டுச் சாமான் போடக்கூடாது.

உங்கள் கடையை நினைத்துக்கொண்டேன் மாமா. எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று காற்றுவாக்கில் கேட்டாலே போதும், ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். ஈட்டி அலமாரி ஒருத்தருக்கு, கால் ஒடிந்த கட்டில் இன்னொருத்தருக்கு. ஒன்றுக்கும் ஆகாத பியானோவைக்கூட உள்ளே குடைந்து கோழிக்கூண்டாக்கி வெலிங்டனில் விற்றீர்களே! வயசான தேயிலைச் செடியைப் பிடுங்கினால் அந்த வேருக்கும் மேலே கண்ணாடி வைத்து டீப்பாய் பண்ணுகிற ஊர் நம்முடையது. மிஞ்சினால் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம். நம் ஊரில் எறிகிற பொருளுக்கு எவனாவது காசு கொடுப்பான். இங்கே எறிகிறவன் கொடுக்க வேண்டும்.

தர்மத்துக்கு விற்கும் கடைகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. சும்மா கொடுக்கிறேன் என்றேன். கடைக்காரம்மா சோபாவின் போட்டோவைப் பார்க்கவே இல்லை, லேபிள் எங்கே என்றார். 1988-இல் ஒரு விதி வந்தது. மெத்தை வைத்த நாற்காலி, சோபா எல்லாம் சட்டென்று தீப்பிடிக்காதபடி இருக்க வேண்டும், அதற்கு அத்தாட்சியாக லேபிள் தைத்திருக்க வேண்டும். என் சீதனச் சோபாவின் லேபிளை யாரோ கத்தரித்துவிட்டிருந்தார்கள், முதுகில் குத்தியிருக்கும்.

இனிமேல்தான் வேடிக்கை. தீப்பிடிக்காமலிருக்க பஞ்சிலும் துணியிலும் ஏதேதோ ரசாயனம் ஏற்றினார்கள். அதில் சில மண்ணில் புதைத்தாலும் மக்காத விஷம் என்று பிறகு தெரிந்தது. அதனால் 2023 முதல் இங்கிலாந்தில் அந்த மாதிரி சோபாவைக் குழியில் போட்டு மூடக்கூடாது, உலையில் போட்டு எரித்தே ஆக வேண்டும். எரியக்கூடாது என்று மருந்து போட்டார்கள், மருந்து போட்ட குற்றத்துக்கு எரிக்கிறார்கள். இதைச் சொன்னால் அத்தை, “சோபாவுக்கே சுடுகாடா!” என்பாள். ஆமாம், தகனம்தான், அடக்கம் கிடையாது.

ராத்திரியோடு ராத்திரியாகக் கரையில் வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்திருக்கலாம். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் ஸ்தலத்திலேயே 1000 பவுண்டு வரை தீட்டலாம், நம் பணத்தில் லட்சத்துக்கு மேல். அபராதத்துக்குப் பயந்தேன் என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள், ஆனால் அது பாதிதான் நிஜம். போன ஜனவரியில் படகு நடுக்கால்வாயில் முக்கி முனகி நின்றது. பின்பக்கம் இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு மூடி இருக்கிறது, அதைத் திறந்தால் கீழே நேராகத் தண்ணீர். தோள் வரை கையை விட்டுத் துழாவினேன். புரொப்பெல்லரில் யாரோ எறிந்த மெத்தை உறை புடவை மாதிரி எட்டுச் சுற்று சுற்றியிருந்தது. ரொட்டிக் கத்தியால் அறுத்து அறுத்து எடுக்க ஒன்றரை மணி நேரம். விரல் என்னுடையதா மெத்தையுடையதா என்றே தெரியவில்லை. அன்றைக்கு அந்த மகராசனைத் தமிழில் வைத வசவு எனக்கே திரும்ப வரவேண்டாம் என்றுதான் சோபாவை இரண்டு மாதம் வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் குப்பை விஷயத்தில் நம் மாவட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்களே, அதேபோல இங்கே பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 2027-இல் கொண்டுவரப் போகிறார்களாம். நம் குடிமகன்கள் ஐந்து வருஷம் முந்திவிட்டார்கள். 2021-இல் இன்னொன்று நடந்தது. நம் காட்டை விழுங்கும் உண்ணிச்செடியை வெட்டி, குறும்பரும் பணியரும் காட்டுநாயக்கரும் செய்த அசல் அளவு யானைகள் கப்பலேறி இங்கே வந்து கிரீன் பார்க்கில் கூட்டமாக நின்றன. போய்த் துதிக்கையைத் தடவிப் பார்த்தேன், நம் முள்ளுக் குச்சியேதான். அவற்றைக் காசு கொடுத்து வாங்கினார்கள். நம் ஊர்க் களைக்கு இத்தனை கிராக்கி, என் சோபாவைச் சீந்த ஆளில்லை.

கடைசியில் கைகொடுத்தது ஆல்பர்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர். “என்ர விலாசம் இருக்குதானே அண்ணை, கொண்டு வாங்கோ” என்றார். சோபாவை அவருக்குத் தானமாகக் கொடுப்பது, அவர் தன் வீட்டுச் சாமானாகப் பணம் கட்டி நகராட்சி வண்டியில் ஏற்றுவது, பணத்தை நான் கொடுப்பது என்று ஏற்பாடு. கைப்பிடிகளின் போல்ட்டைக் கழற்றி, மிச்சத்தைச் சாய்த்துத் திருப்பி, உதவிக்கு வந்த நண்பரும் நானுமாக வெளியே தள்ளினோம். கதவுச் சட்டத்தில் கொஞ்சம் பெயின்ட் போனது. படகின் கூரை மேல் மல்லாக்கக் கிடத்திக் கயிறு கட்டினேன். மாலை ஒன்றுதான் குறை.

காலை எட்டுக்குக் கிளம்பினோம். நடையைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான் அனுமதி. மிருகக்காட்சிசாலையை ஒட்டிப் போகும்போது கறுப்பும் வெள்ளையுமான குரங்குகள் வலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. நம் பர்லியார் குரங்காக இருந்தால் இந்நேரம் பஞ்சைப் பிடுங்கியிருக்கும். மைடா ஹில் சுரங்கம் 249 மீட்டர்தான், ஆனால் கூரை சோபாவை உரசுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். குன்னூர் ரயிலில் சுரங்கம் வந்தால் பிள்ளைகள் கத்துவார்களே, அந்த மாதிரி பின்னால் நண்பர் ஒரு கூச்சல் போட்டார். கரையில் நின்று படகை வாய்பார்ப்பவர்களுக்கு இங்கே காங்கூஸ்லர் என்று தனிப் பெயரே உண்டு. அன்றைக்கு அவர்களுக்குக் கொண்டாட்டம். நார்த் சர்குலர் சாலைக்கு மேலே கால்வாய் ஒரு பாலத்தில் போகிறது. கீழே காரெல்லாம் நெரிசலில் நிற்க, மேலே என் சோபா ஆகாயத்தில் சவாரி போனது.

வண்டி வர இரண்டு நாள் இருந்தது. நண்பரின் வீட்டு முன் புல்லில் இறக்கி, கைப்பிடியைத் திரும்ப மாட்டி வைத்தோம். மறுநாள் வெயில் அடித்தது. நண்பரின் அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து அதில் உட்கார்ந்துவிட்டார். “நல்ல சாமான் தம்பி, இதை ஏன் எறியிறியள்?” நடு ஸ்பிரிங் இல்லாத பள்ளம் அவருக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியிருந்தது. இரண்டு நாளும் அக்கம்பக்கத்துக் கிழவிகள் அங்கேதான். மூன்றாம் நாள் காலை வண்டி வந்தபோது ஆட்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, அந்த அம்மா கோப்பையை முடிக்கும்வரை மரியாதையாகக் காத்து நின்றார்கள்.

இப்போது படகில் பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மே மாதம் சீசனுக்கு வருவேன். அதற்குள் எனக்கு ஒரு பெஞ்சு பண்ணி வையுங்கள். சில்வர் ஓக் போதும், ஈட்டி வேண்டாம். நீளம் நாலரை அடி, ஆழம் ஒன்றே முக்கால் அடி. ஆணி அடிக்காமல் எல்லாம் மரை போட்டு, கழற்றினால் பெட்டிக்குள் அடங்க வேண்டும். பஞ்சு மட்டும் வைக்காதீர்கள்.

அத்தைக்கு வணக்கம்.

தங்கள் அன்பு மருமகன்

பி.கு: நண்பரின் அம்மா அந்தச் சோபாவை இன்னும் விசாரிக்கிறாராம். பெஞ்சு இரண்டாகவே இருக்கட்டும்.