எடையில்லாச் சரக்கு

நெல்லிக்குப்பத்தில் ஒருவர் விண்டோஸைக் காசு கொடுத்து வாங்கினார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். திருட்டுச் சரக்கு வைத்திருப்பவர்கள்தான் பெயரை மறைக்கச் சொல்வார்கள். இவர் ரசீது வைத்திருப்பதால் மறைக்கச் சொல்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊரில் இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை.

விண்டோஸ் 10 வெளிவந்த 2015ஆம் ஆண்டின் மழைக்காலம். மகன் சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு, பிராசசர், ரேம், எஸ்எம்பிஎஸ், கேபினெட் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தான். கூடத்தில் பாயை விரித்து அப்பாவும் பிள்ளையுமாக மாட்டினார்கள். விசிறி சுற்றியது. திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அதோடு நின்றது.

"ஓஎஸ் போடணும்ப்பா. கடையில குடுத்தா முந்நூறு ரூபாய்ல போட்டுக் குடுத்துடுவாங்க."

"யாருதை?"

பணிக்காலம் முழுக்கக் காப்பி அடித்தவர்களைப் பிடித்தவருக்கு இந்தக் கேள்வி தானாக வாயில் வந்துவிட்டது. மகன் பதில் சொல்லாமல் ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போய்விட்டான்.

மறுநாள் வாத்தியார் கடலூருக்கு பஸ் ஏறினார். திருப்பாப்புலியூரில் கம்ப்யூட்டர் கடைக்குக் குறைவில்லை. நுழைந்த கடையில் கவுன்ட்டரில் ஒரு தம்பி.

"விண்டோஸ் டென் ஹோம் வேணும்பா, லைசென்ஸோட."

"சிஸ்டத்தை எடுத்துட்டு வாங்க சார். ஆபீஸ், போட்டோஷாப், தமிழ் ஃபான்ட் எல்லாம் சேர்த்து ஐந்நூறு. ஒரு மணி நேரத்துல ரெடி."

"அதில்லப்பா. காசு குடுத்து வாங்குற லைசென்ஸ்."

தம்பி அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். "கம்பெனிக்கா சார்?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்கு எதுக்கு சார் லைசென்ஸு?" கேள்வியில் கேலி இல்லை. யாரோ பெரியவரை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்ற கவலைதான் இருந்தது.

எதற்கு என்று சட்டம் சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு உண்டு. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால், தகுந்த காரணம் காட்டி நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வாத்தியார் இதைச் சொன்னதும் தம்பி, இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை சார் என்றான். அதுவும் உண்மைதான்.

ஊரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நெல்லிக்குப்பத்தில் 1842இலிருந்து சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பை எடைமேடையில் நிறுத்தி, டன் கணக்கில் காசு பார்த்த ஊர். எடை உள்ளதற்கு விலை உண்டு. வேலை செய்த கைக்குக் கூலி உண்டு. இரண்டிலும் பேரம் பேசலாம், ஏமாற்றினால் சண்டை போடலாம். மதர்போர்டுக்கு முனகாமல் காசு கொடுக்கிற மனிதர், விண்டோஸைப் போடுகிற பையனுக்கும் கூலியோடு டீயும் வாங்கிக் கொடுப்பார். நிறுக்கவே முடியாத ஒரு சரக்குக்கு, அமெரிக்காவில் உள்ள யாருக்கோ, எதற்காகத் தர வேண்டும்? இதில் பாவம் இருப்பதாக அவருக்குத் தோன்றுவதேயில்லை.

இந்த மனநிலை நம்மூருக்கு மட்டும் சொந்தமும் இல்லை. 1975இல் ஆல்டேர் 8800 என்ற கணினியை அமெரிக்கர்கள் உதிரிபாகங்களாக வாங்கி வீட்டு மேசையில் பற்றவைத்துக் கொண்டிருந்தார்கள். அதற்காக பில் கேட்ஸ் கூட்டாளிகளோடு எழுதிய பேசிக் மென்பொருளை ஒருவர் வாங்க, பலர் நகல் எடுத்துக்கொண்டார்கள். 1976 பிப்ரவரியில், 20 வயது கேட்ஸ் இந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், உழைப்புக்குக் கிடைத்த கூலி மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்று கணக்குக் காட்டினார். அதே மனிதர் 1998இல் சீனாவைப் பற்றிப் பேசும்போது, எப்படியும் திருடத்தான் போகிறார்கள், திருடுவதை எங்களுடையதாகத் திருடட்டும், பழகிவிட்டால் பிறகு வசூலிக்க வழி கண்டுபிடிப்போம் என்ற பொருளில் சொன்னார். மளிகைக் கடை நடத்தியவர்கள் இந்த இரண்டாவது கேட்ஸை உடனே புரிந்துகொள்வார்கள்.

கேட்ஸின் நிறுவனத்தார் மலிவாகத் தரவும் பார்த்தார்கள். விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் என்ற ஒன்று 2005இல் இந்தியாவுக்கு வந்தது. ஒரே நேரத்தில் மூன்று புரோகிராம்கள்தான் திறக்கும். புதுக் கணினியோடு சேர்த்துத்தான் கிடைக்கும். முதலில் வந்தது இந்தியில். தமிழ்நாட்டில் அது எப்படி வரவேற்கப்பட்டிருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடலாம். 2008இல் மிரட்டியும் பார்த்தார்கள்: கள்ள எக்ஸ்பி புரொபஷனல் ஓடும் கணினியில் மணிக்கொரு முறை திரையின் பின்னணி கறுப்பாகும். விண்டோஸ் 10 வந்தபோது கோபம் இன்னும் தணிந்துவிட்டது. காசு கட்டாவிட்டால் திரையின் மூலையில் மங்கலாக ஒரு வாசகம் நிற்கும். செட்டிங்ஸில் வால்பேப்பரை மாற்ற முடியாது. அவ்வளவுதான் தண்டனை. பலர் அந்த நீல ஜன்னல் படத்தையே ஆயுளுக்கும் பார்த்துக்கொண்டிருக்கத் தயாராக இருந்தார்கள்.

வாத்தியார் வீட்டிலேயே ஒரு அசல் விண்டோஸ் இருந்தது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மகளுக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அந்தக் காலத்தில் எத்தனையோ தெருக்களில் சட்டப்படியான விண்டோஸ் என்று ஒன்று இருந்தால், அது அரசாங்கம் சும்மா கொடுத்ததாகத்தான் இருக்கும். அந்த மடிக்கணினியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த கீயைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க ஆரம்பித்த வாத்தியாரை மகன் தடுத்தான். அது அந்தக் கணினியோடு பிறந்து அதோடு சாகிற லைசென்ஸ், வேறு கணினிக்கு மாற்றக் கூடாது என்றான். "பாஸ் லினக்ஸையே போட்டுக்கலாமேப்பா? அதுக்குக் காசே வேணாம், திருட்டும் இல்ல" என்றும் சொன்னான். நியாயமான யோசனை. ஆனால் வாத்தியாரின் வருமானவரிப் படிவம் எக்செலில் வந்தது. அதற்குள் இருந்த மேக்ரோக்கள் லினக்ஸோடு ஒத்துப்போகவில்லை.

இணையத்தில் அதே விண்டோஸ் சில நூறு ரூபாய்க்கும் கிடைத்தது. 25 எழுத்துகள், மின்னஞ்சலில் வந்துவிடும். இப்படி விற்கப்படுபவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த கீகள். ஒரே கீயைப் பலருக்கு விற்பதும் உண்டு. இன்றைக்கு வேலை செய்யும், என்றைக்கோ ஒருநாள் முடக்கப்படும். திருடியதற்குக் காசும் கொடுக்கிற இந்த ஏற்பாடு வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. அதற்குத் தம்பியின் ஐந்நூறு ரூபாயே மேல், டீயாவது குடிக்கலாம். என்ன, தம்பியின் வைத்தியத்தில் முதல் வேலை ஆன்டிவைரஸை நிறுத்துவது.

கடைசியில் முழு விலை கொடுத்து, கணினி மாறினாலும் கூடவே வருகிற ரீட்டெய்ல் ரகத்தை வரவழைத்தார். ஹோம் பதிப்பு, 7,999 ரூபாய். கூரியரில் வந்த டப்பாவை மனைவி வாங்கி, கையில் தூக்கிப் பார்த்து, குலுக்கியும் பார்த்தார். உள்ளே நகக்கண் அளவில் ஒரு பென்டிரைவ், ஒரு அட்டை.

"இதுக்கா எட்டாயிரம்?"

"இதுக்கில்ல. வச்சுக்கலாம்னு அவங்க குடுக்கிற அனுமதிக்கு."

"அனுமதி எங்க?"

சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தங்க வில்வமும் வெட்டவெளியும்தான். அந்த வெளிக்காகத்தான் ஊர் ஊராக வந்து நிற்கிறோம். வாத்தியார் அதை எடுத்துச் சொன்னார். அங்கே கற்பூரத் தட்டில் பத்து ரூபாய்தான் போடுகிறோம் என்று பதில் வந்தது.

அடுத்த ஐப்பசியில் ஓர் இடி. மதர்போர்டு போனது. வேறு போர்டு மாட்டியதும், இது வேறு கணினி என்று விண்டோஸ் அடம்பிடித்தது. ரீட்டெய்ல் வாங்கியதன் பலன் இங்கேதான்: அப்போது தொலைபேசியில் அழைத்து மறுபடி உயிர் கொடுக்க முடிந்தது. இயந்திரக் குரல் கேட்டது, திரையில் உள்ள எண்ணை நாம் அழுத்த வேண்டியிருந்தது. ஏழேழாக ஒன்பது கட்டம், 63 இலக்கம். காசு கொடுக்காதவருக்குப் பிரிவு 63பி, கொடுத்தவருக்கு 63 இலக்கம். அறுபத்து மூவர் பெயரைக் கேட்டிருந்தால் வாத்தியார் வரிசை பிசகாமல் சொல்லியிருப்பார்.

எல்லாம் அழுத்தி முடித்ததும் குரல் அடுத்த கேள்வி கேட்டது: இந்த விண்டோஸை எத்தனை கணினிகளில் போட்டிருக்கிறீர்கள்? வாத்தியார் ஒன்றை அழுத்தினார், தேவைக்கு மேல் பலமாக. பதிலுக்கு 48 இலக்கம் வர ஆரம்பித்தது. அவர் சொல்லச் சொல்ல மகன் தட்டினான். பாதி வந்திருக்கும். தண்ணீர் வரி ரசீதைக் காட்ட வந்த பக்கத்து வீட்டுக்காரர், வாசலில் நின்றபடி திரையைப் பார்த்தார். வாத்தியாரின் காதில் போன், நெற்றியில் வியர்வை, முகத்தில் தவிப்பு. பக்கத்து வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"கிராக் எடுக்கலையா சார்? நம்ம பையன அனுப்பட்டுமா? ரெண்டு நிமிஷம்."

வாத்தியார் திரும்பிப் பார்த்த நேரத்தில் ஆறு இலக்கம் போய்விட்டது.