பக்கவாட்டில் படுத்த பாடம்

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் இலங்கைப் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டபோது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கும் பாடம் வாட்ஸ்அப்பில்தான் போனது. பாடமென்றால், செயலட்டையைப் போனில் பிடித்த படம். வரிகள் நேரே இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் பிள்ளை போனைத் திருப்பும், போன் படத்தைத் திருப்பும், கடைசியில் பிள்ளையே தலையைத் திருப்பும். மூலையில் ஆசிரியரின் பெருவிரல். தனியாகக் கையொப்பம் வேண்டியதில்லை.

அதையே தட்டெழுதி அனுப்பினால்? யுனிகோடின் UTF-8 வடிவில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட். ஆயிரம் குறியீட்டுக்கு மூன்று கிலோபைட்டோடு வேலை முடிந்தது. போன் எடுக்கும் படமோ மெகாபைட் கணக்கு. வாட்ஸ்அப் அதைச் சுருக்கித் தரும், கூடவே எழுத்தையும் கொஞ்சம் கரைத்துத் தரும். டேட்டா கார்டுக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்து நிற்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். பாடத்தில் அது வரவில்லை, அவ்வளவுதான்.

கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் சிறுவர்களுக்குப் படப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். சொல்லை விளங்கவைக்கப் படம் போட்டார், பாவம். நாங்கள் இன்னும் ஒருபடி மேலே போய்ச் சொல்லையே படமாக்கிவிட்டோம்.

தொற்றுக்காலம் போனாலும் பழக்கம் போகவில்லை. இப்போது பெரியவர்களின் இணையவழிப் பயிற்சியிலும் வளவாளர் ஏற்றுவது வருடிய பக்கங்களைத்தான். படத்தை விளக்கும் மாற்றுரை ஒரு வரி எழுத அவருக்கு நேரமில்லை. ஆகவே பார்வையற்ற பயிலுநரின் திரைவாசிப்பான் முழு அலகையும் ஒரே மூச்சில் வாசித்து முடிக்கிறது: “படம்.”

பரீட்சையும் அதிலிருந்துதான்.