ஜீரோ பார்த்தவனின் விண்ணப்பம்

எண்ணெய்க் கம்பெனியின் சில்லறை விற்பனைப் பகுதியில் வீற்றிருக்கும் மேலதிகாரி அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் குழாயடியில் நின்று அநுக்கிரகம் பெற்ற வாடிக்கைக்காரன் ஒருவன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்ளும் விக்ஞாபனம்.

சென்ற மாதம் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், விழுப்புரத்துக்கு இப்பால், தங்கள் கம்பெனியின் பெயர்ப்பலகை தாங்கிய ஒரு பங்கில் நான் காரை நிறுத்தி, "டேங்க் ஃபுல் பண்ணுப்பா" என்றதும், அங்கிருந்த பையன் மிகுந்த விநயத்துடன், "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்றதும், நான் இமை கொட்டாமல் அந்த ஜீரோவைத் தரிசித்ததும், அது மளமளவென்று வளர்ந்து 31 லிட்டரில் வந்து நின்றதும், நான் பணத்தைக் கொடுத்து ரசீது பெற்றதும் ஆகிய சகல காரியங்களும் யாதொரு குறையுமின்றி நடந்தேறின. அளவில் ஒரு சொட்டுக் குறையவில்லை. சரக்கிலும் கலப்படம் இல்லை. தரப்பட்டது அசல் பெட்ரோல். என்னுடையது டீசல் வண்டி என்ற ஒரு விஷயத்தில் மட்டுமே தங்களுக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம்.

மலிவான பொருளை நாடி வந்தவனுக்கு விலை உயர்ந்த பொருளை வழங்கிய தங்கள் தாராள சிந்தையை நான் மறக்கவில்லை. அந்த விலை வித்தியாசத்தையும் என்னிடமே வசூலித்துக்கொண்டதையும் மறக்கவில்லை.

இரண்டு பர்லாங்கு தூரம் வண்டி சாதுவாகவே ஓடிற்று. குழாய்களில் எஞ்சியிருந்த பழைய டீசலின் புண்ணியம் அவ்வளவு தூரத்துக்குத்தான் போதுமானதாயிருந்தது போலும். பிறகு க்ஷயரோகிபோல் இருமிற்று, குலுங்கிற்று, ஓரங்கட்டுவதற்குள் மூச்சை விட்டது. நான் ஒரு முறை செல்ஃப் அடித்தேன். மறுபடியும் சாவியில் கை வைத்தபோது, என் மனைவி, "சாப்பிடாதவனை அடிச்சா எழுந்திருப்பானா?" என்று கேட்டாள். அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்திற்று என்பது சாயங்காலந்தான் தெரிந்தது.

ரெக்கவரி வண்டியில் ஏறி விழுப்புரத்து மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் டேங்கின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். ஜாதகத்தைப் புரட்டியதும் தசாபுக்தி சொல்லும் ஜோசியரைப்போல், "பெட்ரோல் போட்டுட்டாங்க. எத்தனை தடவை செல்ஃப் அடிச்சீங்க?" என்றார். "ஒரே தடவை" என்றதும், அவர் முகத்தில் தோன்றிய நிம்மதியை மருத்துவமனை வாசல்களில் நான் கண்டிருக்கிறேன்.

பெட்ரோலும் டீசலும் ஒரே வயிற்றில் பிறந்தவையாயினும் சுபாவத்தில் மாறுபட்டவை என்பதைத் தங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எனினும் தங்கள் பங்குகளில் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேராதிருக்கக் கூடுமாகையால் சொல்லிவைக்கிறேன். பெட்ரோலைத் தீப்பொறி வைத்து அழைத்தால்தான் எரியும். டீசலோ, காற்றை நெருக்கிச் சூடேற்றிய இடத்தில் தூவினாலே தானாகப் பற்றிக்கொள்ளும். அதைவிட முக்கியமானது, டீசலுக்கு இயற்கையிலேயே ஒரு வழவழப்பு உண்டு. இக்காலத்துக் கார்களில் வாயுமண்டலத்தின் அழுத்தத்தைப்போல் 1,600 மடங்கும் அதற்கு மேலும் நெருக்கித் தள்ளுகின்ற பம்ப், தான் தள்ளும் அந்த டீசலையே தனக்கு எண்ணெய்க்குளியலாகவும் கொண்டு உயிர் வாழ்கிறது. அந்த வழவழப்பைப் பெட்ரோல் கழுவிக்கொண்டு போய்விட்டால், இரும்போடு இரும்பு தேய்ந்து, உதிர்ந்த பொடி பில்டரிலிருந்து இன்ஜெக்டர் வரை பரவி, அதற்குப் பிறகு வருகிற பில்லைக் கண்டு மயங்குகிறவன் வண்டிக்காரன்தான்.

இவ்விடத்தில் ஒரு பழைய சரித்திரம் நினைவுக்கு வருகிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த எஞ்சின்களில் ஒன்றை 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில் நிலக்கடலை எண்ணெயை ஊற்றி ஓட்டிக் காட்டினார்களாம். ஆகவே விழுப்புரத்துச் செக்கு எண்ணெயை என் வண்டியில் ஊற்றியிருந்தால்கூட, அது தன் குலதர்மத்துக்கு அவ்வளவு விரோதமாக இருந்திராது. (இக்காலத்து எஞ்சினில் யாரும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்; அவற்றுக்குப் பாட்டனாரின் ஜீரண சக்தி கிடையாது.)

பிராயச்சித்தம் மூன்று மணி நேரம் நடந்தது. டேங்கை இறக்கி, உள்ளிருந்த அத்தனையையும் கேன்களில் வடித்து, குழாய்களைக் கழுவி, பழைய பில்டரை அறுத்து வெயிலில் பிடித்து இரும்புப்பொடி மின்னுகிறதா என்று பார்த்து, மின்னவில்லை என்று கண்டு, புதுப் பில்டர் மாட்டி, கேனில் வாங்கிவந்த டீசலை ஊற்றி, ஏர் எடுத்து, கடைசியில் சாவியைத் திருப்பியபோது அது கிளம்பிற்று. பல தடவை செல்ஃப் அடித்திருந்தால் பம்பே போயிருக்கும் என்றார் அவர்.

பிறகு தங்கள் பங்கின் மானேஜரைக் கண்டு முறையிட்டேன். 5 லிட்டர் முத்திரை அளவைக் காட்டினார், சரியாக இருந்தது. அடர்த்திப் பதிவேட்டைக் காட்டினார், ஒழுங்காக இருந்தது. பில்டர் காகிதத்தில் ஒரு சொட்டுப் பெட்ரோலை விட்டு, கறையின்றி ஆவியாவதைக் காட்டினார், ஆவியாயிற்று. எவ்வளவு, எத்தனை சுத்தம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இத்தனை சாதனங்களைச் சேகரித்து வைத்திருக்கும் தாங்கள், எது என்ற மூன்றாவது கேள்விக்கு ஒரு பையனின் வாயைக்கூட ஏற்பாடு செய்யவில்லையே என்று கேட்டேன். "நீங்க பாத்துக்கிட்டுத்தானே சார் நின்னீங்க?" என்றார். பார்த்துக்கொண்டுதான் நின்றேன், தாங்கள் பார்க்கச் சொன்ன ஜீரோவை.

"நீங்க பெட்ரோல்னு சொல்லியிருப்பீங்க" என்று அவர் அடுத்த அஸ்திரத்தை விட்டபோது, நான் என் மனைவியைச் சாட்சிக்கு அழைத்தேன். அவள் சத்தியத்துக்கு அஞ்சியவள். "பங்குக்குள்ள எதுவும் சொல்லல. ஆனா திண்டிவனம் தாண்டினப்பவே, பெட்ரோல் போட்டுட்டுப் போயிடலாம்னு என்கிட்ட சொன்னாங்க" என்றாள். தமிழ் ஜனங்கள் டீசல் போடுவதையும் பெட்ரோல் போடுவதாகவே சொல்லுகிறார்கள் என்பதும், தாங்களே டீசலையும் பெட்ரோல் பங்கில்தான் விற்கிறீர்கள் என்பதும் அங்கே எடுபடவில்லை.

புகார்ப் புத்தகத்தைக் கேட்டேன். கொடுத்தார்கள். பேனா என்னுடையது.

ஊர் திரும்புகையில், பிடிவாதத்தால் அதே பங்குக்கு வண்டியை விட்டேன். அதே பையன். நான் கண்ணாடியை இறக்குவதற்குள், "டீசல்தானே சார்?" என்று கேட்டான். மூடியைத் திறந்து உட்புறத்து எழுத்தையும் வாசித்தான். இந்தப் புதிய ஆசாரத்தைக் கண்ட ஆனந்தத்தில் அவனை விசாரித்துக்கொண்டே நின்று, குழாயை அவன் எடுத்து மாட்டிய பிறகுதான், ஜீரோவைப் பார்க்கவில்லை என்பது எனக்கு நினைவு வந்தது. அது சம்பந்தமான விண்ணப்பம் தனியாக வரும்.

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
31 லிட்டருக்கு மேற்பட்ட கலவையை என்ன செய்வதென்று தெரியாமல் கேன்களில் வைத்திருப்பவன்.